அம்மா குளிக்கும் நேரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, குழந்தை மூன்று பேரும் சுகம்தானே. நாங்களும் சுகம் என்று ஒரு வரி போட்டுவிட்டு மற்ற கதைக்குப் போய்விடலாம், எப்போதும் அப்படித்தான் செய்வேன், இன்று அதற்குக் கை வரவில்லை. உடனே பதறாதே, முழுவதும் படி. அம்மா குளித்துக்கொண்டிருக்கிறாள். நான் குளியலறைக்கு வெளியே நடையில் நாற்காலி போட்டு, மடியில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். என் இடது மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது, அதன் மறுமுனை கதவுக்கு மேலே இருக்கிற சந்து வழியாக உள்ளே போய் அம்மாவின் கைக்கு எட்டுகிற மாதிரி தொங்குகிறது. அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, கயிறு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ பேசுவது எனக்குக் கேட்காது, நான் பேசுவது தெருவுக்கே கேட்கும், பக்கத்திலேயே அம்மா உட்கார்ந்திருப்பாள். மெசேஜ் போட்டாலும் முதலில் படிப்பது அவள்தான். ஆகவே தபால்.

உன் அம்மாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வார்டு நர்ஸாக இருந்த காலத்தில் ஆபரேஷன் முடிந்த ஆளை மறுநாளே எழுப்பி நடக்க வைத்தவள், வலிக்கிறது என்று கத்துகிறவர்களிடம், கத்துங்க, ஆனா நடந்துக்கிட்டே கத்துங்க என்பாளாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு வார்டுக்குப் பதிலாக நான் ஒருவன் அவளிடம் மாட்டினேன். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும், நாற்காலியை விட்டுக் கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும், கால் நகத்தை நானே குனிந்து வெட்டிக்கொள்ள வேண்டும். நகம் வெட்டக் குனிய முடியுற வரைக்கும் உடம்பு நம்ம சொல்பேச்சு கேக்குதுன்னு அர்த்தம் என்பாள். காலையில் பூங்காவுக்குப் போனால் அவள் முன்னால் விறுவிறு என்று போவாள், நான் பின்னால் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போவேன், பெஞ்சில் உட்கார்ந்தால் திரும்பிப் பார்த்து ஒரு முறை முறைப்பாள், அவ்வளவுதான், எழுந்துவிடுவேன்.

இப்படிப்பட்டவள் கொஞ்ச நாளாக ஆளே மாறிப்போனாள். முதலில் பூங்கா நின்றது. கேட்டால் முழங்கால் என்றாள், பிறகு செருப்பு கடிக்கிறது என்றாள், புதுச் செருப்பு வாங்கி வந்தால் தெருவில் ஒரே தூசி என்றாள். எதிர் வீட்டுத் தையல்காரம்மா தினமும் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவளும் ஓய்ந்துவிட்டாள். பிறகு தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள், அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கிறதாம். சோபாவின் ஒரு ஓரத்தில் போய் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் ஊன்றுகிறாள், எழுந்த பிறகு சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கிறாள். ஆனால் உன்னிடம் போனில் பேசும்போது, காலையில ரெண்டு சுத்து நடந்துட்டு வந்தேன், இப்பதான் உக்கார்ந்தேன் என்று அவள் சொல்வது, எனக்குக் காது கேட்காவிட்டாலும் வாயசைவில் தெரிந்துவிடும். அவள் இப்படிப் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. ஒருநாள் என் கண்ணாடி எங்கே என்று கேட்க குளியலறைப் பக்கம் போனேன், அவள் உள்ளே இருந்தாள். பழக்கதோஷம், கதவில் உள்ளங்கையை வைத்தேன். அச்சகத்தில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான், அந்த இரைச்சலில் காதை நம்ப முடியாது, மெஷின்மேல் கையை வைத்தால்தான் சரியாக ஓடுகிறதா, எங்கேயாவது இடிக்கிறதா என்று தெரியும். அந்த இரைச்சலுக்கு என் காதைக் கொடுத்துவிட்டு இந்தக் கைப்பழக்கத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கதவில் குழாய்த் தண்ணீர் வாளியில் விழுகிற அதிர்வு தெரிந்தது. ஆனால் ஒருவர் மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்தால் தொப்பென்று தண்ணீர் தரையில் விழுமே, அது தெரியவே இல்லை. வாளி நிரம்பி வழிகிறது, அவ்வளவுதான். அப்புறம் அம்மா தலையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, குளித்தவள் மாதிரியே வெளியே வந்தாள். உள்ளே போய்ப் பார்த்தேன், சோப்பு காய்ந்து கிடந்தது. மறுநாளும் அதே. அதற்கு அடுத்த நாளும் அதே.

பாப்பா, எங்கள் அச்சகத்து பைண்டர் ஞாபகம் வந்தது, அவருக்கும் இப்படித்தான் குளிக்க மறந்ததில் ஆரம்பித்து, கடைசியில் பெற்ற மகனையே யார் நீங்கள் என்று கேட்டார். இவளுக்கும் அதுதானோ என்று நினைத்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது. தெரியாத மாதிரி அவளைச் சோதித்துப் பார்த்தேன். நாம் முதலில் குடியிருந்த வீட்டுக்கு என்ன நிறம், பாப்பா பிறந்தது என்ன கிழமை என்று பேச்சுவாக்கில் கேட்பேன். எல்லாவற்றுக்கும் டக்கென்று பதில் சொல்லிவிட்டு, என்ன, இன்டர்வியூ எடுக்கிறீங்களா, பாஸ் பண்ணா வேலை போட்டுக் குடுப்பீங்களா என்றாள். கிழமையைத் தப்பாக வைத்திருந்தது நான்தான்.

அதற்குமேல் என்னால் பூசி மெழுக முடியவில்லை. எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஏன் குளிக்காமல் குளித்த மாதிரி வருகிறாய் என்று நேராகக் கேட்டுவிட்டேன். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்கிறாளாம், சுத்தமாகத்தான் இருக்கிறாளாம், இதையெல்லாம் வேவு பார்ப்பதுதான் ஓய்வு பெற்றவருக்கு வேலையா என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள், என் காதருகே வந்து சொன்னாள்.

விழுந்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்திருக்கிறது. எனக்கு அது கேட்காது என்று அவளுக்குத் தெரியும், அதனால் துண்டைச் சுற்றிக்கொண்டு சோப்புக் காலோடு ஓடி வந்திருக்கிறாள், குளியலறைப் படியில் வழுக்கி, பாதி உடம்பு உள்ளேயும் பாதி நடையிலுமாக விழுந்துவிட்டாள். கூப்பிட்டிருக்கிறாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேனாம். கால்மேல் கால் போட்டிருந்தீங்க, அந்தக் கால் ஆடிக்கிட்டே இருந்தது எனக்குத் தெரிஞ்சுது, தொண்டை வறள்ற வரைக்கும் கூப்பிட்டேன், கால் ஆடுறது நிக்கவே இல்ல என்றாள். காது மெஷின் அன்றைக்கும் டப்பாவில்தான் இருந்தது, மாட்டியிருந்தாலும் கேட்டிருக்குமோ என்னவோ. நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே மெல்ல ஒருக்களித்து, முட்டி போட்டு, ஸ்டூலைப் பிடித்து அவளே எழுந்திருக்கிறாள். உடை மாற்றிக்கொண்டு உனக்குத் திருப்பிப் போன் செய்து, சமையல்கட்டில் இருந்தேன் என்று சொல்லியிருக்கிறாள். என்னிடமும் மூச்சு விடவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா நீங்க ஒடைஞ்சு போயிடுவீங்க என்றாள். அப்புறம் அவள் சொன்னது இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது. எனக்கு விழறதுக்குக்கூடப் பயமில்ல, கூப்பிடறதுக்குத்தான் பயமா இருக்கு என்றாள்.

அன்றைக்கு அடித்தது உன் போன்தான். அதை மறைத்து எழுதலாம் என்று பார்த்தேன், மறைத்தால் கடைசியில் நான் கேட்கப்போவது உனக்குப் புரியாது. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, மகள் அம்மாவைக் கூப்பிடாமல் யாரைக் கூப்பிடுவாள். ஓடியவளைத்தான் சொல்ல வேண்டும், அவளையும் சொல்வதற்கில்லை.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எலும்புக்கு ஒன்றுமில்லை, காயமும் ஆறிவிட்டது. ஆனால் தொடைச் சதை இளைத்துவிட்டது என்று அவர் அம்மாவைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார், விழுந்துவிடுவோம் என்று உட்கார்ந்தே இருந்தீர்கள் என்றால் அதனாலேயே விழுவீர்கள் என்றார். வார்டு நர்ஸ் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிளம்பரை வரச்சொல்லி சுவரில் கைப்பிடி அடித்தோம், தரைக்கு ரப்பர் விரிப்பு, உள்ளே உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். அத்தனையும் செய்த பிறகும் அவள் கதவு வரைக்கும் வந்து நின்றுவிடுகிறாள். அப்போதுதான் பார்சல் கட்டுகிற கயிறு ஞாபகம் வந்தது. நான் என்ன, கட்டிப்போட்ட மாடா என்றாள். நீ இல்லை, நான்தான் மாடு, உன் கையில் கயிறு இருக்கும், என் கையில் கட்டு இருக்கும் என்றேன். நடுநடுவே ஒரு தடவை இழுத்தால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம், விடாமல் இழுத்தால் நான் உள்ளே வர வேண்டும். முதல் நாள் கயிறு துண்டு மாட்டும் கொக்கியில் சிக்கி இழுத்துக்கொண்டே இருந்தது, நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன், தண்ணீர் மொள்ளும் மக்கு பறந்து வந்து என் நெற்றியில் பட்டது, கண்ணாடியெல்லாம் தண்ணீர். அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தையல்காரம்மா வந்து கதவைத் தட்டினாளாம். அன்றைக்கு உன் அம்மா தலைக்கு ஊற்றிக் குளித்தாள்.

இப்போது தெருமுனை வரைக்கும் நடக்கிறோம். என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறாள், கேட்டால், வண்டி ஹாரன் உங்களுக்குக் கேக்காதே, அதுக்காகப் பிடிக்கிறேன் என்கிறாள். அப்படியே இருக்கட்டும். தண்ணீர் குடிக்கிறாள். ஆனாலும் பாப்பா, எனக்குப் பயம் போகவில்லை. அவள் உள்ளே இருக்கிற நேரம் முழுவதும் என் உயிர் என்னிடம் இல்லை. நான் காய்கறி வாங்கப் போனால், வீட்டில் இந்நேரம் கூப்பிடுகிறாளோ என்று பாதி வழியில் திரும்பி வந்துவிடுகிறேன். காது மெஷினைக் காலையிலிருந்து மாட்டியே வைத்திருக்கிறேன், மின்விசிறி சுற்றுவதுகூட மண்டைக்குள் அரைக்கிறது, பரவாயில்லை. இன்று எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் இன்று ஞாயிறு. விழுந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்து பேசி முடிக்காமல் அவள் குளிக்கப் போவதில்லை, போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இன்றைக்குத்தான் முதல்முறையாக, நான் போய்ட்டு வந்துடறேன் என்று எழுந்து போயிருக்கிறாள். நீ இனிமேல் நேரத்தை மாற்றி மதியத்துக்கு மேல் கூப்பிடு என்று கேட்பதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கயிறு அசைந்து கொஞ்ச நேரமாகிறது. தலைக்கு ஊற்றுகிறாளாயிருக்கும். போய்ப் பார்த்தால் நம்பிக்கை இல்லையா என்பாள், மறுபடி மக்கு பறக்கும். கதவில் கை வைத்துப் பார்த்தேன், தண்ணீர் விழவில்லை. இன்னும் ஒரு வரி எழுதிவிட்டுப் பார்க்கிறேன். இல்லை, என்னால் முடிய

எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னித்துக்கொள், மறுபடி கயிற்றைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். கயிறு விடாமல் இழுத்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன். உன் அம்மா உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு, ஒரு கையால் சுவர்க் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் இருந்தாள். போன் அடிக்குதுங்க, போய் எடுங்க, நான் எழுந்திருக்கல பாருங்க என்றாள். கயிற்றைக் கழற்றிவிட்டுப் போய் எடுத்தேன். நீதான். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. அம்மா குளிக்கிறாள், நன்றாக இருக்கிறாள், அப்புறம் பேசுவாள் என்று நான் கத்தியது உனக்குக் கேட்டிருக்கும். இன்று காலை அப்பா ஏன் அப்படிக் கத்தினார், ஏன் குரல் உடைந்தது என்று நீ யோசித்திருப்பாய். இதற்குத்தான்.

நேரத்தை மாற்ற வேண்டாம். அதே நேரத்துக்கே கூப்பிடு, ஆனால் நிறைய நேரம் அடிக்க விடு, நான் நடந்து வந்து எடுக்கிறேன், இந்த வீட்டில் இனி யாரும் ஓட மாட்டார்கள். உனக்குத் தெரியும் என்று அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே, பயந்துபோய் டிக்கெட் போட்டுவிடாதே, அவள் என்னை உண்டு இல்லையென்று ஆக்கிவிடுவாள். நீயும் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாய், நடுநடுவே எழுந்து நட, தண்ணீர் குடி, குளியலறையில் விரிப்பு போடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைக்கு முத்தம். நீங்கள் எல்லோரும் நோய் நொடியில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். கயிறு ஒரு தடவை இழுக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா