முயல் கறிக்குள் ஒரு சன்னம்

நவம்பர் 17, ஞாயிறு

மதியம் அஜக்ஸ் நகரில் குகன் வீட்டில் முயல் கறி. அவன் ஷொட்கன் வாங்கியதே பத்திரிகையில் வந்த என் வேட்டைக் கட்டுரையை வாசித்துத்தான். காற்றுத் துப்பாக்கி என்றால் தலையில் ஒரே குண்டு, இறைச்சி கெடாது. ஆனால் ஓடும் முயலுக்கு ஷொட்கன்தான் சரி என்று எழுதியிருந்தேன். அதன் சன்னங்கள், அந்தச் சின்ன ஈயக் குண்டுகள், இறைச்சிக்குள் சிதறிக் கிடக்கும், ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கு நஞ்சு, கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்றும் கட்டுரையில் ஒரு பந்தி எழுதியிருந்தேன். பத்திரிகைப் பக்கத்தில் இடம் போதவில்லை என்று அச்சுக்குப் போகமுதல் அந்தப் பந்தியை நானே வெட்டினேன்.

இரண்டாவது வாயிலேயே பல்லில் ஒரு சன்னம் கடிபட்டது.

"என்னண்ணை, முகத்தைச் சுளிக்கிறியள்? உறைப்போ?" என்றான் குகன்.

"இல்லை, நல்லாயிருக்கு." சன்னத்தை நாக்கின் கீழ் ஒதுக்கிக்கொண்டேன்.

எதிரே அவன் மகள் சுவேதா, ஆறு மாதக் கர்ப்பிணி, இன்னும் இரண்டு துண்டு போட்டுக்கொண்டாள். "அப்பா சுட்டது எண்டா விடுவனோ, அங்கிள்? கிரெடிட் உங்களுக்குத்தான்." எல்லோரும் சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டு நானும் சிரித்தேன்.

மிச்சக் கறியை அவளுடைய நாளைய சாப்பாட்டுக்கென்று டப்பாவில் போட்டதையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

சன்னம் இந்த நாட்குறிப்புக் கொப்பிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சொன்னால் அவள் பயந்துபோவாள், குகன் உடைந்துபோவான். முப்பது வருடம் எழுதியவன் அந்தப் பந்தியை ஏன் வெட்டினேன் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். மூன்று தரம் குகனின் தொலைபேசி இலக்கத்தை அழுத்திவிட்டு நிறுத்தினேன். இப்போது ஸ்பீக்கரில் மணி போகிறது.

"என்னண்ணை, இந்த நேரத்தில?"