ஸ்தோத்திரம் சொல்லியாகிவிட்ட சிவப்புக் கார்

நாகர்கோவில்,
12-11-1956

என் பிரியமுள்ள மகன் செல்வதாஸுக்கு,

உன்னைப் பெற்றவள் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே அப்பாவும் நானும் உன் தங்கச்சி எலிசாவும் சுகம், போன வாரம் கன்று போட்ட பசுவும் சுகம். நீயும் அந்தப் பெரிய பட்டணத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, கம்பெனி வேலையில் குறைச்சொல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பியே எழுதுகிறேன். சனிக்கிழமை அப்பா அடித்த தந்தி இதற்குள் உனக்கு வந்திருக்கும். தந்திக்காரனைப் படியில் கண்டதும் உன் ஈரக்குலை நடுங்கியிருக்கும், பொறுத்துக்கொள் மக்கா, இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. "சிவப்பை வாங்கு" என்று இங்கிலீஷில் இரண்டே சொல் இருந்திருக்குமே, அது நிஜம்தான், கைத்தவறு இல்லை. பணமும் பின்னாலேயே வருகிறது. இதையெல்லாம் விவரமாக எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. எலிசா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்து, அம்மைக்கு என்னவோ ஆகிப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தது மறதியால் இல்லை. உன் கம்பெனி துரை சீமைக்குத் திரும்பிப் போவதாகவும், மாதம் முடிவதற்குள் தன் சிவப்பு எம்.ஜி. காரை விற்றுவிட்டுக் கப்பலேறுவதாகவும், பாதிப் பணம் இப்போது கொடுத்தால் மீதியைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பெனி சம்மதித்திருப்பதாகவும் எழுதி, அந்தப் பாதிக்கு எங்கள் கையைப் பார்த்திருந்தாய். கூடவே நல்ல பிள்ளையாக, ஒரு பார்சிக் கிழவியின் கறுப்பு மோரிஸ் மைனரும் விலைக்கு வருகிறது, காத்திருந்தால் புது பியட்டும் கிடைக்கும், அம்மா எதைச் சொன்னாலும் சரி என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாய். நான் படித்தவள் அல்லவா, மோரிஸுக்கு நாலு வரி, பியட்டுக்கு மூன்று வரி, சிவப்புக் காருக்கு இரண்டரைப் பக்கம் என்று பார்த்த உடனேயே உன் மனது எங்கே கிடக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஆனாலும் மோரிஸையே வாங்கு என்று ஐந்து பக்கம் எழுதினேன். மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில் ஒரே அறையில் நாலு பேராகப் படுத்திருக்கிறவனுக்குக் காரை நிறுத்த இடமேது, பம்பாய் மழைக்குத் துணிக்கூரை என்னத்துக்கு ஆகும், பெட்ரோலைக் குடித்துவிட்டு உன்னைப் பட்டினி போடுமே, இப்படி எல்லாம் எழுதினேன். உண்மையான காரணத்தை மட்டும் எழுதவில்லை. வடசேரி இறக்கத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டு, ரத்தத்தோடு சிரித்துக்கொண்டே வந்து நின்றாயே, அந்த முகத்தைத்தான் உன் கடிதத்தைப் பிரித்த நாள் முதல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து பக்கத்தையும் உறையில் போட்டு ஒட்டினேன், தபாலில் சேர்க்க மட்டும் கை வரவில்லை. முதலில் ஆண்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று தோன்றியது. அங்கேதான் வினை.

நாலாம் தேதி ஞாயிறு நம் சபையில் அறுப்பின் பண்டிகை. கன்னிப்பூ நெல் அறுவடை இந்த வருஷம் நல்ல விளைச்சல், கோயில் முழுக்க வாழைக்குலையும் தேங்காயும் கோழியும்தான், ஆராதனை நடுவே ஒரு சேவல் விட்டு விட்டுக் கூவியது. நான் இரண்டு ரூபாயை ஒரு காகிதத்தில் மடித்து, "மகன் செல்வதாஸ், பம்பாய், சிவப்புக் கார் காரியமாக" என்று எழுதி, எலிசா கையில் கொடுத்து உபதேசியாரிடம் அனுப்பினேன். அந்தக் காரிலிருந்து பிள்ளையை விலக்கிக் காத்தருளும் என்று ஜெபிப்பதற்குத்தான். பண்டிகை நாளில் வருகிற காணிக்கை எல்லாம் ஸ்தோத்திரக் காணிக்கை என்பதைச் சபையில் பிறந்து வளர்ந்த நான் மறந்தேன் பார், கவலை வந்தால் படித்த புத்தி எங்கே போய்விடுகிறதோ. ஞானையன் உபதேசியார் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறினதற்காக, மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காக என்று ஒவ்வொன்றாக வாசித்து வந்து, ஓவர்சீயர் ராஜையன் தேவகனி குடும்பத்தார், தங்கள் மகன் செல்வதாஸுக்குப் பம்பாய்ப் பட்டணத்தில் சிவப்புக் கார் ஒன்றை ஆண்டவர் கிருபையாய்த் தந்ததற்காக என்று முழங்கினார். சபை முழுவதும் எழுந்து நின்று ஆமென் சொல்லிற்று. ஆண்கள் பக்கத்திலிருந்து உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுதுவதற்கு எந்தப் பாஷையிலும் சொல் கிடையாது.

ஆராதனை முடிந்து வெளியே காணிக்கைப் பொருள்களின் ஏலம். யேசுரத்தினம் மாமாதான் ஏலம் கூறுகிறவர், அவர் வாய் உனக்குத் தெரியுமே. ஆராதனையில் கூவிய அந்தச் சேவலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பம்பாயில காரு ஓடுக வீடு, ஒரு சேவலுக்குப் பின்வாங்குமா ஓவர்சீயரே?" என்று கேட்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். இந்த மனுஷன் அது பொய் என்று சொல்ல வேண்டியதுதானே? "ரெண்டே சீட்டுள்ள காராக்கும் வேய், அதில சேவலுக்கு எடமில்ல, ஆனாலும் கூறும்" என்றார்! கேட்கக் கேட்க ஏற்றி, ஒரு ஆட்டுக்குட்டியின் விலைக்கு அந்தச் சேவலை எடுத்தார். அதோடு நிற்கவில்லை. காப்பி குடிக்கும்போது நாலு பேரை நிறுத்தி வைத்து, அதன் கியர் எப்படி, வேகம் எவ்வளவு, கண்ணாடியை எப்படி முன்னால் மடக்கிச் சாய்க்கலாம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். உன் கடிதத்தை ஒரு தடவை வாசித்துவிட்டு, இது தேவையில்லாத வேலை என்று மேசையில் போட்டவர் அல்லவா. எனக்குத் தெரியாமல் எத்தனை தடவை எடுத்து வாசித்தாரோ, இரண்டரைப் பக்கமும் மனப்பாடம். உன் அத்தை ஜெபமணி மட்டும் என் காதோரம் வந்து, "ரெண்டு சீட்டுன்னா ஒண்ணு பயலுக்கு, செரி. மத்தது ஆருக்குட்டி?" என்றாள். அந்தக் கேள்வி அன்றையிலிருந்து என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மறுநாளே உபதேசியாரைப் பார்த்து, வருகிற ஞாயிறு இதைத் திருத்திச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். மனுஷர் நெடுநேரம் தாடையைத் தடவினார். "சபையே எழும்பி நின்னு ஆமென் சொல்லியாச்சே அம்மா. சொன்ன ஸ்தோத்திரத்த மடக்கி எடுக்கதுக்கு எந்தப் புஸ்தகத்திலயும் முறையில்ல. நீங்க அந்தக் காரை வாங்கிப் போட்டுட்டா எல்லாம் நேரா ஆயிரும்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். ஆண்டவருக்கு நன்றி சொல்லியாகிவிட்ட காரை இனி வாங்காமல் விட்டால் கோயிலில் பொய் சொன்ன குடும்பம், வாங்கினாலோ என் பிள்ளையின் உயிருக்கு நான் எங்கே போய்க் காவல் நிற்பேன்? ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை மக்கா.

சனிக்கிழமை மழை விட்டு நல்ல வெயில். வாசலில் ஆடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். பார்த்தால் கூரையில்லாத பச்சைக் கார் ஒன்று, அதில் குலசேகரம் ரப்பர் தோட்டத்துக் கிருஷ்ணமணி. யுத்தத்தில் அப்பாவோடு ஒரே பட்டாளத்தில் லாரி ஓட்டினாரே, அவர்தான். தோட்டத்து வெள்ளைக்காரன் விட்டுப்போன கார், இதுவும் எம்.ஜி., உன்னுடையதற்கு மூத்த அண்ணன். நம் வீட்டுச் செய்தி குலசேகரம் வரை போயிருக்கிறது! "ஓய் ராஜையா, ஒம்ம மகன் வண்டிக்க ருசி ஒமக்குத் தெரியாண்டாமா? கன்னியாகுமரி வர போய்ட்டு வாரும்" என்று சாவியை நீட்டினார். அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஏறு பிள்ளே" என்றார். நான் அடுப்பில் மீன் கொதிக்கிறது என்றேன். எலிசா நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னைத் தள்ளாத குறையாகத் தள்ளினாள். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு பதினோரு வருஷம் எந்த வண்டியையும் தொடாத மனுஷர், ஒரு தரம்கூட அணைந்துபோகாமல் எடுத்தார் பார்.

சுசீந்திரம் வரை நான் கண்ணைத் திறக்கவில்லை, இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மூன்று தரம் சொன்னேன். பிறகு வண்டி நின்றது. கண்ணைத் திறந்தால் அறுத்த வயலிலிருந்து ஏறின தாராக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு பைய நடந்து போகிறது. அப்பா ஹாரனை அடிக்க, அதற்கு அத்தனை தாராவும் ஒருமிக்கக் குவாக் குவாக் என்று பதில் சொல்ல, நான் சிரிக்கத் தொடங்கினவள்தான், அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. கண்ணையும் மூடவில்லை. கொண்டை அவிழ்ந்தது, முந்தானை கொடி மாதிரி பறந்தது, வாய் திறந்தால் காற்று பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. எதிரே குடையும் சைக்கிளுமாக ஞானையன் உபதேசியார்! எங்களைக் கண்டதும் குடையை உயர்த்தி "ஸ்தோத்திரம்!" என்று கத்தினார், சைக்கிள் வரப்பில் இறங்கிவிட்டது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் இன்னும் கொஞ்சம் விரட்டுங்கள் என்று கேட்டேன் மக்கா. நான், உன் அம்மா, கேட்டேன்.

கன்னியாகுமரியில் கடலைப் பார்க்க வண்டியை நிறுத்திவிட்டு அப்பா என் அவிழ்ந்த கொண்டையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சொன்னார், "கல்யாணத்தன்னிக்கு வில்வண்டியில எனக்கும் ஒனக்கும் எடயில எங்க அக்கா இருந்தா. பொறவு பிள்ளைய இருந்தாவ. பொறவு பஸ்ஸு. நாம ரெண்டு பேரு மட்டுமா ஒரு வண்டியில இருந்தது இன்னிக்குத்தான் பிள்ளே." நான் யோசித்துப் பார்த்தேன், சரிதான். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு இண்டர்மீடியட் பரீட்சை எழுதப் போனபோதுகூட எங்கள் நடுவே உன் அத்தை அரிசிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை, அதை நானே மறந்து போயிருந்தேன். டீ வாங்கித் தருகிறேன் என்று இறங்கிப் போனவர் தந்தி ஆபீசிலிருந்து வருகிறார். மாடி கட்டுவதற்கு ஒதுக்கிய பணம்தான் உனக்கு வருவது. மாடி இல்லாமல் இத்தனை நாள் இருந்தோம், இனியும் இருப்போம், ஓட்டு வீட்டில் காற்று நன்றாகத்தான் வருகிறது.

இப்போது அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது, கவனமாக வாசி. பணத்தைக் கொடுக்கும் முன் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய், உன் கண் முன்னால் எடுக்கச் சொல். நீலப் புகை வந்தால் எண்ணெய் குடிக்கிறது என்று அர்த்தம், பேசாமல் திரும்பிவிடு. கதவைத் திறந்து மெல்லத் தூக்கிப் பார், தொங்கினால் உள்ளே மரச்சட்டம் உளுத்திருக்கிறது. பிரேக்கை நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டாமல் ஓட்டாதே. இனி நான் சொல்வது, முதல் மாதம் பூனா மலைப்பாதைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே, ராத்திரியில் ஓட்டாதே, காதுக்கு மப்ளர் கட்டு, பெட்ரோலுக்காகச் சாப்பாட்டைக் குறைத்தால் நானே ரயிலேறி வந்துவிடுவேன். நீலப் புகை வந்தால் மட்டும் கறுப்பு மோரிஸ். ஆனால் வராது, நான் ஜெபித்திருக்கிறேன், இந்தத் தடவை சரியான காகிதத்தில் எழுதிக் கொடுத்து.

அத்தையின் கேள்விக்கு வருகிறேன். அந்த இரண்டாவது சீட்டில் உட்காரப் போவது உன் அறைக் கூட்டாளிதான் என்றால் அப்படியே எழுது, எனக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும், போகட்டும். வேறு யாராவது இருந்தால் பெயரை மட்டும் எழுது. எந்த ஊர், என்ன சபை என்று இப்போது கேட்க மாட்டேன், அப்பாவிடமும் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். அவளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு வராதே என்று சொல், முதல் பாதி வழி எனக்கு வீணாகப் போயிற்று.

ஏப்ரல் லீவுக்குப் பகலில் மட்டும் ஓட்டி, வழியில் தங்கித் தங்கிக் காரிலேயே வா. இந்த மாதம் முதல் நாம் மதராஸ் ராஜ்யம் ஆகிவிட்டோம், விலாசத்தில் பழைய ராஜ்யப் பெயரை எழுதாதே, கடிதம் சுற்றி வருகிறது. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் நாலு சக்கரத்துக்கும் அவர் தூதர்கள் துணையிருக்கட்டும். ஊர் வந்து சேர்ந்த அன்றே சாவியை அப்பா கையில் கொடுத்துவிடு. அத்தை தனக்கு இடம் எங்கே என்று கேட்பாள், இல்லை என்று நீயே சொல்லிவிடு, என்னால் முடியாது. நாங்கள் கன்னியாகுமரி போகிறோம், நீ எலிசாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வா.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
தேவகனி