கூவலூர்ப் புல்வெளியில் கதவடைத்த சிலந்தி

நலம் பெருகுக, மாரி வழங்குக! மருதோடை நாட்டைத் தம் இளமகன் பொருட்டு ஆண்டுவரும் நீலமங்கை நாச்சியார், தென்கோட்டை காத்து நிற்பவரும், பகைவர் கனவிலும் முழங்கும் குரலுடையவரும், நம் கொழுந்தனாருமாகிய படைத்தலைவர் அரிமர்த்தன வேளார்க்கு எழுதுவித்த திருமுகம். தங்கள் கோட்டையும் குதிரைகளும் மீசையும் நலமே என நம்புகிறோம்.

கூவலூர்ப் புல்வெளியில் யானைக்கொட்டாரம் எழுப்ப வேண்டுமெனத் தாங்கள் கேட்டீர்கள். கதவுள்ள வீட்டை உள்ளிருப்போர் இசைவின்றி எவரும் இடிக்கலாகாது, கதவில்லா வெறுநிலத்தைப் படை எடுத்துக்கொள்ளலாம் என்பது தங்கள் தந்தையார் கல்லில் வெட்டுவித்த கட்டளை. ஆயர் தலைவி காரி நம்முன் வந்து, கோடையில் தம் மாடுகளுக்கு அப்புல்லன்றி வேறில்லை என்றும், அதுவும் போனால் ஊரோடு புறப்படுவதே வழி என்றும் அழுது முறையிட்டாள். கல்வெட்டோ தங்கள் பக்கம் நின்றது.

வழக்கப்படி கதவதிகாரி இளஞ்சாத்தனார் நிலம் பார்க்கச் சென்றார். தாங்களே பரிந்துரைத்து அப்பதவியில் அமர்த்திய மனிதர்; விதியில் எள்ளளவும் பிசகாதவர். கதவொன்றும் இல்லை என்று எழுதக் குனிந்தவர், தம் காலடி மண்ணில் ஒரு சிறு மூடி திறந்து மூடுவதைக் கண்டார். கதவைக் கண்டால் தட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே தலைப்பாகையைச் சரிசெய்து, மண்ணில் மண்டியிட்டு, புல்நுனியால் மும்முறை தட்டி, அரசின் பெயரால் இசைவு கேட்டார். உள்ளிருந்தவளோ கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். இசைவில்லை என்று எழுதிக் கொணர்ந்து அவையில் படித்தார். அவையோர் எவரும் சிரிக்கவில்லை. நாம் மட்டும் சற்று நேரம் திரைக்குப் பின்னே சென்று வந்தோம்.

அரண்மனை மருத்துவர் இவ்வுயிரை ஆராய்ந்து, இதுவரை எவரும் கண்டெழுதாத சிலந்தி என்று உறுதி கூறுகிறார். மொச்சைக்கொட்டையளவு உடல், எண்ணெய் பூசினாற்போன்ற கரும்பழுப்பு நிறம், குட்டையான தடித்த கால்கள், முதுகில் வெளிறிய பிறைக்குறி. இது வலை கட்டித் தொங்குவதில்லை. மண்ணில் விரலாழம் குழிதோண்டி, சுவரெங்கும் நூலால் மெழுகி, மண்ணும் நூலும் சேர்த்துக் கதவு செய்து, ஒருபுறம் கீலும் வைத்துக்கொள்கிறது. அந்தியில் கதவைச் சற்றே தூக்கி, முன்கால்களை வாசலில் நீட்டி, போகிற எறும்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நம் சுங்கச்சாவடியாருக்கு நெருங்கிய உறவு போலும். வீடு கட்டி ஆள்பவை பெண்சிலந்திகளே என்றும், வளர்ந்த ஆண்சிலந்திகள் வீடின்றி அலைகின்றன என்றும் மருத்துவர் சொல்கிறார். கேட்டு மகிழ்ந்து, ‘கதவுடையாள்’ எனப் பெயர் சூட்டினோம். புல்வெளி முழுதும் இவளது இனத்தாரின் கதவுகளே.

சிலந்தியும் ஒரு குடியோ என்று தாங்கள் சினப்பீர்கள். கல்வெட்டை மறுமுறை படித்தோம். அது கதவைப் பற்றிப் பேசுகிறதே தவிர, உள்ளிருப்போருக்கு எத்தனை கால் இருக்கலாம் என்று ஏதும் சொல்லவில்லை. தந்தையார் சொல்லைத் திருத்தத் தாங்கள் துணியமாட்டீர்கள் என்பதை அறிவோம்.

ஆதலால், கொட்டாரம் வேண்டுமாயின் தாங்களே கூவலூர் சென்று, மண்டியிட்டு, ஒவ்வொரு கதவாகத் தட்டி இசைவு பெறக் கடவீர். ஆயர் மக்கள் வேடிக்கை பார்க்க அனுமதி அளித்துள்ளோம். அதுவரை யானைகள் தங்கள் மாளிகைப் பூந்தோட்டத்தில் தங்கும். அதற்கு வேலியுண்டு, கதவில்லை என்று இளஞ்சாத்தனார் சான்றளித்துள்ளார்.

இது நம் ஆணை. நாரை முத்திரை பதித்தோம், தாழ்த்தாது நிறைவேற்றுக. இவ்வோலை கொணர்வோர் யானைப்பாகர்கள். யானைகளும் உடன் வருகின்றன.