மூன்று பைகளுக்குள் ஒரு மடிக்கணினி

என்னை நனையவிடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த அம்மாவுக்கு,

அடுத்த கிழமை உங்கள் முப்பத்தோராம் நாள். வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுமலரில் கடைசிப் பக்கம் வெறுமையாக இருக்கிறதாம். "நீயே ஏதாவது எழுதித் தா புள்ள" என்று கதிரவெளி மாமா சொல்லிவிட்டுப் போனார். சனத்துக்கு முன்னால் எழுந்து நின்று பேச என்னால் ஏலாது என்று அவருக்குத் தெரியும். எழுதினால் நடுக்கம் வெளியே தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

மலரின் முன்பக்கத்தில் இருக்கிற உங்கள் படத்தைப் பார்த்து ஆட்கள் கேட்பார்கள், அம்மா. ஏன் வாயில் கயிறு? ஏன் கையில் சொப்பிங் பை? ஏன் இப்படிச் சிரிக்கிறா? அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மாமா முதலில் உங்கள் அடையாள அட்டையைத்தான் கேட்டார். அதிலுள்ள படத்தைப் பெரிதாக்கிப் போடலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். இருபத்தைந்து வயதில் அவருக்கு நான் முதல்முறையாகச் சொன்ன மாட்டேன் அது.

அந்தப் படம் எடுத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. சுனாமியாய்க் கடல் வந்து போய் ஒரு மாதம் ஆகியிருக்கவில்லை. பனிச்சங்கேணி வீட்டில் சுவரே இல்லை. சுவரில் தொங்கிய உங்கள் கலியாணப் படமும் இல்லை, முன்னமே போய்விட்ட அப்பாவின் படமும் இல்லை. முகாமில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, அட்டை தொலைத்தவர்களை வரிசையில் இருத்திப் படம் எடுத்தார்கள். "தலைய நிமித்துங்க" என்று படம் எடுத்தவர் மூன்று தரம் சொன்னார். நிமிர்ந்தீர்கள். ஆனால் அந்தப் படத்தில் கண் இருக்கிறதே தவிர பார்வை இல்லை. அந்தத் தண்ணீரில் தம்பியின் கை எந்த இடத்தில் உங்கள் கையை விட்டுப் போனது என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டுமா, அம்மா?

பிறகு பல வருடம் கழித்து அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "இது நான் இல்ல மகள்" என்று திருப்பிக் கவிழ்த்து வைத்தீர்கள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் மாமாவிடம் மாட்டேன் என்றேன்.

வேறு படமும் இல்லை. கலியாண வீடுகளில் கெமரா வந்தால் நீங்கள் குசினிக்குள் போய்விடுவீர்கள். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அது என் மடிக்கணினிக்குள் இருந்தது. மடிக்கணினி செத்துப்போய் அலுமாரிக்கு மேலே கிடந்தது.

அது எப்படிச் செத்தது என்று உங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் எதுவும் பை இல்லாமல் இருந்ததில்லை. கடலுக்குப் பிறகு நீங்கள் கற்றுக்கொண்டது அது. பிறப்புச் சான்றிதழ், என் சோதனைப் பெறுபேறு, வளவு உறுதி எல்லாவற்றையும் முதலில் பழைய சீலைத் துணியில் சுற்றி, பிறகு ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சொப்பிங் பைகளில் போட்டு, கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் வாயைச் சுருக்கி இறுக்கிக் கட்டுவீர்கள். பொட்டலம் கதவுக்குப் பக்கத்தில் தொங்கும். வாகரைச் சண்டையில் நாங்கள் ஓடியபோது அரிசியை விட்டீர்கள், சட்டியை விட்டீர்கள், அந்தப் பொட்டலத்தை விடவில்லை. கழுத்தளவு தண்ணீரில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். உள்ளே ஒரு காகிதமும் நனையவில்லை. அந்தக் காகிதங்களைக் காட்டித்தான் நான் பல்கலைக்கழக வளாகத்துக்குள் போனேன். எங்கள் வழியில் பட்டம் படித்த முதல் ஆள் என்று மாமா எல்லாரிடமும் சொல்கிறார். பை கட்டிய ஆளைப் பற்றி யார் சொல்வது?

வாழைச்சேனைக்கு வந்து வீடெடுத்த பிறகுதான் இந்த மடிக்கணினி வந்தது. விடுமுறையில் நான் வேலை செய்த நிவாரண அலுவலகத்தை மூடியபோது, பழையது, பற்றரி பத்து நிமிடமும் தாங்காது, விருப்பமென்றால் கொண்டு போ என்று தந்தார்கள். வயரைச் செருகினால்தான் வேலை செய்யும். ஒரு யூ.எஸ்.பி. துளை ஆட்டம். ஆனாலும் அதைக் கொண்டுவந்த அன்று நீங்கள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து தொட்டுப் பார்த்தீர்கள்.

இருட்டத் தொடங்குகிற மைம்மல் பொழுதானால் கையில் மூன்று பைகளோடு எனக்குப் பின்னால் வந்து நிற்பீர்கள்.

"முடிஞ்சிற்றா மகள்? கட்டட்டா?"

"அம்மா, சண்டையும் முடிஞ்சிற்று. ரேடியோவில சொன்னத நீங்களும் கேட்டதானே. இனி எங்க ஓடப் போறம்?"

"தண்ணி ரேடியோவில சொல்லிற்றா வந்தது?"

நான் நிறுத்தித் தருவேன், நீங்கள் கட்டுவீர்கள். காலையில் நான் அவிழ்ப்பேன். அதுதான் எங்கள் ஒழுங்கு.

படம் எடுத்ததும் அப்படியொரு மைம்மலில்தான். திரைக்கு மேல் கொளுவுகிற சின்னக் கெமரா ஒன்றைக் கூட்டாளி ஒருத்தி தந்திருந்தாள். எவ்வளவு செய்தும் வேலை செய்யவில்லை. வயரை ஆட்டத் துளையிலிருந்து கழற்றி மற்றப் பக்கத்துத் துளையில் செருகினேன். பளிச்சென்று திரையில் நீங்கள்! எனக்குப் பின்னால், கயிற்றை வாயில் கவ்வியபடி, பைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

"ஐயோ, ஆரிது? கிழவி ஒருத்தி களவெடுக்க வந்து நிக்கிறா!" என்று கயிறு விழாமல் பல்லுக்குள்ளால் சொல்லிச் சிரித்தீர்கள். நான் அழுத்திவிட்டேன். திரையைத் திறந்தால் முதலில் உங்கள் முகம் வருகிறபடி வைத்தேன். "ஆரும் பாத்தா சிரிப்பாங்க, எடுத்துப் போடு" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஆனால் நான் திறக்கிற நேரம் பார்த்து ஏதோ சாட்டில் பக்கத்தில் வந்து நிற்பீர்கள். எனக்குத் தெரியும்.

என் ஆய்வுக் கட்டுரையை இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்து வைத்திருந்தேன். உங்கள் படத்தை எடுத்து வைக்கவில்லை. நீங்கள்தான் வீட்டிலேயே இருந்தீர்களே.

அது செத்த அன்று நான் நிறுத்தவில்லை. பெரிய கோப்புகள் ஏறிக்கொண்டிருந்தன. முடிய ஒரு மணித்தியாலம் என்று காட்டியது. மூடியை மூடினாலும் தூங்கிப் போகாதபடி மாற்றிவிட்டு, மூடி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். உங்களிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மூடியிருந்தால் முடிந்துவிட்டது என்றுதானே உங்களுக்கு அர்த்தம்? வயரைக் கழற்றினால் எனக்குக் கோபம் வருமென்று, அதை விட்டுவிட்டு, அதைச் சுற்றியே கட்டியிருந்தீர்கள். அவ்வளவு கவனமாக.

"என்னவோ கருகின மாதிரி மணக்குது மகள்" என்று நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். பைகளைக் கிழித்தேன். அடிப்பக்கம் தோசைக்கல்லாய்ச் சுட்டது. திரை ஒரு தரம் துடித்துவிட்டு இருண்டது.

"ஆரு உங்களத் தொடச் சொன்ன? இது காகிதம் இல்ல, மூச்சு விடுற மெசின்! விளங்காட்டி ஏன் கை வைக்கிறீங்க?"

அயலுக்குக் கேட்க அப்படிக் கத்தினேன். ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்காத நான், உங்களிடம் மட்டும் அந்தக் குரலை எங்கேயிருந்து எடுத்தேன்?

நீங்கள் கிழிந்த பைகளை நான்காக மடித்துப் பாய்க்கடியில் வைத்தீர்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் இருந்தீர்கள். ஒருநாள் மழை பிடித்தபோது மட்டும் வாசலில் நின்று, அலுமாரிக்கு மேலே பார்த்து, "சாரல் அடிக்குது மகள். நான் தொடல்ல. நீ கட்டு" என்றீர்கள். நான் கட்டவில்லை. பதின்மூன்றாம் நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். ஓட்டோ வந்து வாசலில் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு கழிந்த பிறகு அலுமாரிக்கு மேலிருந்து அதை இறக்கினேன். யாரையும் கேட்கக் கூச்சமாக இருந்தது. வளாகத்துக் கணினி அறையில் திருத்த வருகிறவர் செய்வதை மூலையில் இருந்து பார்த்த நினைவு இருந்தது. பற்றரியைக் கழற்றினேன். தொடக்கும் பொத்தானை முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடித்தேன். பிறகு வயரை மட்டும் செருகித் தொடக்கினேன். விசிறி சுற்றியது, திரை இருட்டு. அடிமூடியைத் திறந்து, நினைவகத் துண்டைக் கழற்றி, அதன் பல்லை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, திரும்பச் செருகினேன். இருட்டு. பெரிய எழுத்துப் பொத்தானைத் தட்டிப் பார்த்தேன். அதற்குரிய பச்சை விளக்கு எரிந்தது, திரும்பத் தட்ட அணைந்தது. அப்போதுதான் விளங்கியது, அது சாகவில்லை. நான் சொல்வது அதற்குக் கேட்கிறது. முகந்தான் இல்லை.

கொஞ்ச நேரத்தில், தொடங்கும்போது வருகிற அந்தச் சின்ன இசை இருட்டுக்குள்ளிருந்து வந்தது. நீங்கள் குசினியில் இருந்துகொண்டு "ஆ, முழிச்சிற்று" என்பீர்களே, அந்த இசை.

திரைக்குப் பின்னால் எரிகிற விளக்குக் கெட்டுப்போனால், டோர்ச்சைச் சரித்துப் பிடித்துப் பார்ப்பார் அந்தத் திருத்துகிறவர். நல்ல மத்தியான வெயில். ஜன்னலைச் சாத்தி, உங்கள் போர்வையைத் தலைக்கு மேலால் போட்டுக்கொண்டு, திரையோடு ஒட்டி டோர்ச்சைப் பிடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்சம் சரித்தேன். ஒரு பையின் ஓரம். இன்னும் கொஞ்சம். விரல்கள். கயிறு. பிறகு உங்கள் பல், உங்கள் கன்னம், சிரிப்பில் சுருங்கின கண். டோர்ச் வெளிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் நீங்கள். நகர்த்தினால் ஒன்று வரும், மற்றது போகும். போர்வையில் உங்கள் மணம். அம்மா என்று கூப்பிட்டேன். விசிறி ஒரு இரைச்சல் போட்டது. சூடேறி எல்லாம் நின்றுவிட்டது.

திரும்பத் தொடக்கப் பயந்தேன். உள்ளே உங்கள் படம் இருக்கிற தட்டும் கருகிவிட்டால்? அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓட்டமாவடிக்கு பஸ் ஏறினேன்.

கணினி திருத்துகிற கடையில் ஒரு முஸ்லிம் அண்ணன் இருந்தார், நானா என்று கூப்பிட்டேன். நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. இரண்டாம் தரம் கேட்டார். "படமா? படம் எங்கயும் ஓடாது புள்ள. இரிங்க. முதல்ல இது ஏன் மூச்சு முட்டுதெண்டு பாப்பம்" என்று அடிப்பக்கத்தைத் திறந்தார். விசிறிக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் சின்ன மெத்தை மாதிரி ஒன்று அடைத்திருந்தது. ஊசிமுனையால் இழுத்து எடுத்தார். நீலப் பஞ்சு.

"இதென்ன, லெப்டொப்புக்குச் சீலை உடுத்தி வெச்சிருந்தீங்களா?" என்று சிரித்தார்.

அது உங்கள் நீலச் சீலை, அம்மா. பைக்கு முன்னால் சுற்றுகிற துண்டு. ஒவ்வொரு மைம்மலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது.

துடைத்து, ஆறவிட்டு, கடையிலிருந்த பழைய மொனிட்டரின் வயரை என் இயந்திரத்தின் பக்கத்தில் செருகினார். கடை முழுவதும் நீங்கள் சிரித்தீர்கள். நானா கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தார்.

"அம்மாவா?"

"ஓம்."

"கையில என்ன பை?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கடல், ஓட்டம், பொட்டலம், நான் கத்தியது எல்லாம். அவ்வளவு நீளமாக நான் ஒரு வெளி ஆளிடம் பேசியதேயில்லை. அவர் கேட்டுக்கொண்டே உங்கள் படத்தை மூன்று இடத்தில் பிரதி எடுத்தார். பிறகு சொன்னார்:

"பஞ்சு அடைச்சது உண்மதான். ஆனா நிப்பாட்டின மெசின எத்தின பையில கட்டினாலும் ஒண்டும் ஆகாது புள்ள. அண்டைக்கு அது ஓடிக்கிட்டிருந்திரிக்கி. ஓடவிட்டது ஆரு?"

"நான்தான், நானா."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. "இந்த மொனிட்டர் சும்மா கிடக்கு, கொண்டு போங்க" என்றார். அதில்தான் இதைத் தட்டுகிறேன். பக்கத்தில் பழைய திரை இருட்டாகவே இருக்கிறது. அதை மாற்ற எனக்கு மனமில்லை.

அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பிரதியைப் பார்த்து மாமா கோபப்பட்டார். "என்ன புள்ள, வாயில கயிறோடயா அக்காட படத்தப் போடுற? சனம் என்ன சொல்லும்?" பிறகு கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "அக்கா இப்பிடிச் சிரிச்சு..." என்று தொடங்கி முடிக்காமல், பிரதியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். திருப்பித் தரவில்லை.

நேற்று வளாகத்திலிருந்து கடிதம் வந்தது. பட்டமளிப்புக்கு இரண்டு பேரைக் கூட்டி வரலாமாம். நான் யாரையம்மா கூட்டிப் போக?

உங்களிடம் பிழை இல்லை என்று சொல்ல எனக்குப் பன்னிரண்டு நாள் கிடைத்தது. சொல்லவில்லை. பிழை என்னுடையது. இதை அச்சில் போட்டு ஊருக்கெல்லாம் கொடுக்கிறேன், நீங்கள் வாசிக்கமாட்டீர்கள் என்று தெரிந்தும்.

பாய்க்கடியில் இருந்த பைகளை எடுத்துவிட்டேன். கிழிசலுக்கு நாடா ஒட்டியிருந்தீர்கள். எப்போது ஒட்டினீர்கள்?

அந்த நீலப் பஞ்சைச் சான்றிதழ்ப் பொட்டலத்துக்குள் வைத்திருக்கிறேன். இனி ஒவ்வொரு மைம்மலும் நான் நிறுத்துவேன். விசிறி ஓயும்வரை இருப்பேன். அடியில் கை வைத்துக் குளிர்ந்ததா என்று பார்ப்பேன். பிறகு கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு, மூன்று பையிலும் போட்டு, உங்களைப் போலவே இறுக்கிக் கட்டிக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவேன். பட்டச் சான்றிதழ் வந்தால் அதையும். இனி ஓடத் தேவையில்லை என்று யார் வந்து சொன்னாலும் கட்டுவேன், அம்மா.

அன்று நிறுத்தாமல் போன,
உங்கள் மகள்,
தம்பியின் அக்கா.