தம்பிக்கு வைக்காத தென்னம்பிள்ளை

என் பொன்னுத் தம்பி தங்கப்பா,

நீ வேலை பார்த்த பினாங்குத் தீவுத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். நீ இருக்கும்போது வராத அண்ணன், நீ செத்து ஒரு வருஷம் கழித்து வந்திருக்கிறேன். திட்டு மக்கா. அந்தச் சத்தமாவது கேட்கட்டும்.

நீ காய்ச்சலில் போனதும், "எல்லாம் முறைப்படி செய்தோம்" என்று உன் கூட்டாளி செல்லப்பன் எழுதியிருந்தான். நம் முறையைத் தவிர வேறென்ன தெரியும் நமக்கு? செத்தவரை வீட்டைச் சுற்றிய விளையின் தெற்கு மூலையில் எரிப்போம், அங்கே தென்னம்பிள்ளை வைப்போம். தோட்டத்திலேயே தங்கியிருந்தவன், அதன் தெற்கு மூலையில்தான் இருப்பாய் என்று நானும் அம்மாவும் நினைத்துவிட்டோம். அப்பாவுக்கு வைத்த மரத்தின் தேங்காயை முளைக்கவைத்து, ஓலைக்கடவத்தில் சுமந்து கப்பல் ஏறினேன். வாந்தியெடுத்துக் கிடந்த நாளிலும் அதற்குத் தண்ணீர் ஊற்றினேன்.

"அவன் நெஞ்சுக்கு நேரா வைலே" என்றுதான் அம்மா சொல்லி அனுப்பினாள்.

செல்லப்பன் கூட்டிப் போனான். என்ன தோட்டம்லே அது! கிராம்பு, ஜாதிக்காய், நாகலிங்கம், ஒவ்வொன்றுக்கும் பேர் எழுதிய தகடு. வெள்ளைக்காரன் நம்மை விட்டுப் போய் நாலு வருஷம் ஆச்சு. அங்கே துரைமார் இன்னும் குரங்குகளுக்குக் கப்பலண்டிக் கடலை போட்டுக்கொண்டு உலாத்துகிறார்கள். நான் தெற்கு எது என்று கேட்டுக் கேட்டு நடந்தேன். மரத்துக்கெல்லாம் பேர் இருக்கிறது, உனக்கு இல்லை.

"செல்லப்பா, எடம் எங்கலே?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இது சர்க்கார் தோட்டமாக்கும் அண்ணே. பொதுச் சுடுகாட்டுலதான் எரிச்சோம். சாம்பலக் கடல்ல கரைச்சாச்சு."

"சுடுகாட்டுல ஒரு அடையாளம் வைக்கலியா?"

"அதுக்குப் பெறவு அங்க எத்தனையோ பேர எரிச்சாச்சே அண்ணே."

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பாவம், அவன் என்ன செய்வான்? ஒரு ஓரமாக வைக்கவிடுங்கள் என்று காவல்காரனின் காலைப் பிடித்தேன். வெளிக் கன்று கூடாதாம். புல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கடைசியில் படகுத்துறையில் நின்று அதைக் கடலில் விட்டேன். வெகுநேரம் மிதந்தது.

வீட்டுப் படியில் கால் வைக்கும் முன்பே, "வச்சியாலே?" என்றாள் அம்மா.

"வச்சேன்மா."

வேறென்ன சொல்ல, நீயே சொல்லு? இப்போது தினமும் கேட்கிறாள்: எத்தனை ஓலை, ஆடு கடிக்குமா? செல்லப்பன் கடிதம் என்று எதையாவது கையில் பிடித்து வாசிக்கிறேன். போன வாரம் ஐந்தாம் ஓலை விரிந்தது.

நேற்றுச் சொன்னாள்: "பாளை விட்டுதுன்னு ஒரு சேதி வரட்டும் மக்கா. பெறவு நான் நிம்மதியா கண்ண மூடிருவேன்."

தங்கப்பா, உன் மேல் சத்தியம். நான் உயிரோடிருக்கும்வரை அந்த மரம் பாளை விடாது.

உன் கூடப்பிறந்த
அண்ணன்