வம்சாவளியில் உன் பெயர்

சின்னாளப்பட்டி,
12.5.1986

அன்புத் தங்கைக்கு,

நம் வம்சாவளியை ஒரு பெரிய தாளில் வரைந்துகொண்டிருக்கிறேன். நம் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலரில் அச்சிடப் போகிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் தேடி வந்து பாட்டன், பூட்டன் பெயரெல்லாம் சொன்னார்கள். உன் பெயரையும் பக்கத்தில் மாப்பிள்ளை பெயரையும் பார்க்கும் வரைக்கும்தான் அந்த உற்சாகம்.

பெரியப்பா தறியை நிறுத்தாமலேயே சொன்னார்: "வேற சாதிக்காரன் பேரு நம்ம வம்சத்துல எதுக்குடா? அது இருந்தா என் பேரை எடுத்துரு."

எரியோட்டுச் சித்தியிடம் போனேன். வெஞ்சனத்தோடு சோறு போட்டுவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள். "அப்பு, மகளுக்கு வரன் பாக்குறேன். மாப்பிள வீட்டுக்காரங்க இதைப் பாத்தா என்ன ஆகும்? எங்களையும் எடுத்துருப்பா."

என்னோடு படித்த கமலக்கண்ணன்கூட, "அந்த ஒரு பேரை விட்டுட்டா வேலை முடிஞ்சிரும்ல" என்று எனக்குப் புத்தி சொல்கிறான்.

அலுத்துப்போய், கேட்டவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டேன். செத்தவர்கள் மட்டும்தான் ஆட்சேபம் சொல்லவில்லை. தாளில் இப்போது அவர்களும் அம்மாவும் நீயும் மாப்பிள்ளையும் நானும்தான்.

நேற்று எரிச்சலில் அதைக் கிழிக்கப் போனேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நீ போனதிலிருந்து உன் பேச்சையே எடுக்காதவள், உன் பெயரின் மேல் விரலை வைத்து, "இதுக்குக் கீழ ஏன் ஒண்ணும் எழுதல? பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்காளாம்?" என்று கேட்டாள்.

பிள்ளை பிறந்தது கேள்விப்பட்டேன்; பெயர் எனக்குத் தெரியவில்லை. உடனே எழுது. அம்மா தாளைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்