கெட்ட ஸ்லைடுப் பெட்டி

செம்பூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள ஜெனிஃபருக்கு,

ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், ஸ்காட்லாந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போவாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டுவலி மழையோடு வந்தது, மழை நின்றும் போகவில்லை, ஆனாலும் உன் கல்யாண ஜவுளிக்காக கிங்ஸ் சர்க்கிளுக்கு அலைகிறாள். கோவண்டி அத்தை வீட்டில் மூத்தவனுக்குப் பெண் குழந்தை. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், முடியாத இடத்தில் ஜாபெஸை வாசித்துக் காட்டச் சொல். தாராவியில் தமிழ்ப் பள்ளியில் படித்தவன், தடுமாறமாட்டான். இதை நீ அவன் வாயால் கேட்பதும் நல்லதுதான்.

என்னிடம் ஆராய்ச்சி படித்து இப்போது எனக்கே மருமகனாகப் போகிற ஜாபெஸ், தான் கண்டுபிடித்த புதுப் புழுவுக்கு என் பெயரை வைத்துக் கட்டுரை போட்ட நாளிலிருந்து இங்கே எனக்கு ஒரே மரியாதை. நான் துறைத் தலைவர் ஆகாமல் இரண்டு முறை காலை வாரிய பிரம்மநாயகம்கூட கல்லூரி வராந்தாவில் என்னைக் கட்டிப்பிடித்தான், விழா எடுக்க வேண்டுமாம். போதகர் கோவிலில் அறிவித்தார். கசாப்புக்கூடத்தில் எனக்காக ஆட்டு இரைப்பை எடுத்து வைக்கும் அப்ரார் மட்டும், "டாக்டர் சாப், பக்ரே கே பேட் கா கீடா, அவ்ர் நாம் ஆப்கா? பாபி கோ போலா க்யா?" என்றான். ஆட்டு வயிற்றுப் புழுவுக்கு உங்கள் பெயரா, அண்ணியிடம் சொன்னீர்களா என்று கேட்கிறான். நானும் சிரித்தேன். அப்போது நான் கட்டுரையை வாசித்திருக்கவில்லை.

வாசித்தால், படத்தில் இருப்பது என் மைக்ரோஸ்கோப் ஸ்லைடு, மூலையில் என் கையால் எழுதிய எண். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது என் அலமாரியிலிருந்து நீ எடுத்துப்போன பெட்டி. அப்பா ரிட்டயர் ஆகும்போது கொடுக்க ஆல்பம் செய்யப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை. பூட்டி வைத்திருந்ததால் அது பொக்கிஷம் என்று நீயும், உன்னிடமிருந்து வாங்கிப் பார்த்த ஜாபெஸும் நினைத்துவிட்டீர்கள். நல்ல ஸ்லைடுகள் எல்லாம் துறையில் திறந்த ரேக்கில் இருக்கின்றன. இது கெட்ட ஸ்லைடுகளின் பெட்டி. எப்படிச் செய்யக்கூடாது என்று ஒவ்வொரு மாணவர் பேட்சுக்கும் காட்டுவதற்காக நான் வைத்திருப்பது.

இந்தப் புழு மாதுளை முத்து மாதிரி தடித்தது. சாயம் ஏற்றும் முன் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து நூலால் கட்டி அழுத்துவோம். இறுக்கிவிட்டால் உடம்பு பரந்து, பின்பக்கத்து உறிஞ்சி பெருத்து, உள்ளுறுப்புகள் இடம் மாறி, சாதாரணப் புழுவே எங்கும் இல்லாத புழுவாகத் தெரியும். அந்த ஸ்லைடுகளை அப்படி இறுக்கிக் கட்டியவன், அப்போது என்னிடம் புதிதாகச் சேர்ந்திருந்த ஜாபெஸ். லேப் முழுக்கக் கேட்கும்படி திட்டினேன். அவன் மறந்துவிட்டான், நான் மறக்கவில்லை. தான் நசுக்கிய புழுவையே புது இனம் என்று எழுதியிருக்கிறான். கட்டுரையை எழுதியவர்களில் ஒருவனாக என்னைச் சேர்த்திருந்தால் அச்சுக்குப் போகும் முன் என்னிடம் காட்டியிருக்க வேண்டும். எங்கள் துறையில் யாரும் தான் எழுதும் புழுவுக்குத் தன் பெயரையே வைப்பதில்லை, அதனால் புழுவுக்கு என் பெயரை வைத்துவிட்டால் கட்டுரையில் நான் ஏன் இல்லை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். மாலை போட்டே ஆளை வாசலில் நிறுத்திவிட்டான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இதையும் பொறுத்திருப்பேன், என் தோளில் ஏறிப் போனவர்கள் எனக்குப் புதிதல்ல. ஆனால் போன வாரம் போனில் இதை உன்னிடம் சொன்னேன். நீயும் மாட்டு டாக்டர், உனக்கு விளங்கிவிட்டது. பிறகு சொன்னாய், "அவங்க வேலை பெர்மனென்ட் ஆகுற வரைக்கும் சும்மா இருங்கப்பா. உங்க பேருதான இருக்கு, உங்களுக்கு என்ன நஷ்டம்?" பிரம்மநாயகம் இப்படிக் கேட்டிருந்தால் அவன் குணம் என்று விட்டிருப்பேன். இல்லாத புழுவுக்கு இனி யாராவது மருந்து தேடி அலைவார்கள் என்று தெரிந்தும் நீ கேட்டாய்.

விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு நான் தடை இல்லை, ஈஸ்டர் கழிந்து உன் கையைப் பிடித்துக் கோவிலுக்குள் கூட்டி வருவேன். ஆனால் அதற்குள் ஜாபெஸ் தானே பத்திரிகைக்கு எழுதித் திருத்த வேண்டும். எழுதாவிட்டால் நான் எழுதுவேன். அப்ரார் கொடுத்த புழுக்களில் சிலவற்றைப் பக்குவமாகவும் சிலவற்றை இறுக்கியும் கட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிட்டேன். அடிபடப்போவது என் பெயர் என்பதால் பொறாமையில் செய்தேன் என்று வேறு யாரும் சொல்லமாட்டார்கள். நீ சொன்னால் சொல்லிக்கொள்.

கர்த்தர் உன்னைக் கண்மணி போலக் காக்கட்டும், உன் வீடு உண்மையில் நிற்கட்டும். வெறும் காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. வரும்போது அந்தப் பெட்டியை மறக்காதே, லக்கேஜில் போடாமல் கையில் கொண்டு வா, ஒன்றுகூட உடையக்கூடாது. அடுத்த பேட்சுக்குக் காட்ட வேண்டும்.

அப்பா,
தனசீலன்